ஹைடென்ஷன் லைன் நம் டிஎன்ஏவை உடைக்குமா? ஒரு ஃபேமிலி குரூப் ஃபார்வர்டும் வேலூர் ஆய்வகமும்

திருத்தணியில் இருக்கும் என் சித்தப்பா ஒரு மனை பார்த்தார். ஊருக்கு வெளியே, சோளிங்கர் சாலைப் பக்கம். விலை படிந்துவிட்டது, பத்திரமும் சரி. ஒரே ஒரு உறுத்தல்: மனையை ஒட்டி ஹைடென்ஷன் லைன் போகிறது. அதை அவர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னதுதான் தாமதம், அரை மணி நேரத்தில் அத்தை ஒரு ஃபார்வர்டைத் தட்டிவிட்டார்.

உயர் மின்புலத்தில் உயிருள்ள செல்லின் சவ்வு ஓட்டையாகிறது, அந்த ஓட்டை வழியாக டிஎன்ஏ போய் வருகிறது, இது விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்ட உண்மை என்பது அதன் சாரம். கீழே ஏதோ ஓர் ஆய்வகத்தின் படம். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவிடமிருந்து போன்: "ஏம்மா, நீ பேப்பர்லதானே இருக்க, இது நெசமா பொய்யான்னு விசாரிச்சுச் சொல்லு. அட்வான்ஸ் குடுக்கணும்."

வழக்கமாக இந்த மாதிரி ஃபார்வர்டுகளை டெஸ்க்கில் ஐந்து நிமிடத்தில் 'பொய்' என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இதில் அது முடியவில்லை. ஏனென்றால் அதில் இருந்த மூன்று வரியும் கிட்டத்தட்ட உண்மை. சித்தப்பாவின் மனைக்கும் அந்த உண்மைக்கும் சம்பந்தம் இல்லை, அதுதான் சிக்கல். இன்னொரு வேடிக்கை, அந்த மனையிலிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரத்தில், வேலூரில், இதே வேலையை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே செய்துகொண்டிருக்கிறார்கள், ரத்த நோயைக் குணப்படுத்துவதற்காக.

அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

வோல்ட் வேறு, மின்புலம் வேறு

திருத்தணி ரயில் நிலையத்தில் நின்று மேலே பாருங்கள். தலைக்கு மேல் போகும் கம்பியில் 25,000 வோல்ட். கேட்டாலே பயமாக இருக்கும். ஆனால் செல்லுக்கு முக்கியம் எத்தனை வோல்ட் என்பதல்ல, அந்த வோல்ட் எவ்வளவு தூரத்தில் பரவியிருக்கிறது என்பதுதான். வோல்ட்டைத் தூரத்தால் வகுத்தால் வருவதே மின்புலம். கம்பி தரையிலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரம். வகுத்துப் பார்த்தால் சராசரியாக மீட்டருக்கு 4,500 வோல்ட், அதாவது சென்டிமீட்டருக்கு 45 வோல்ட். கம்பி மெல்லியது என்பதால் புலம் கம்பியைச் சுற்றியே குவிந்திருக்கும். நம் தலை இருக்கும் உயரத்தில் இந்த சராசரியைவிடக் குறைவு.

400 கிலோவோல்ட் கோபுரப் பாதைக்கு நேர் கீழே, கம்பி தாழ்ந்து தொங்கும் இடத்தில் மீட்டருக்கு சுமார் 10,000 வோல்ட் வரை வரலாம். சென்டிமீட்டருக்கு 100 வோல்ட்.

இப்போது ஆய்வகத்துக்கு வாருங்கள். அங்கே விரல் நீளத்துக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி. அதன் இரண்டு பக்கச் சுவரிலும் அலுமினியத் தகடு, நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் செல்கள் மிதக்கும் திரவம். தகடுகளுக்குக் கொடுப்பது வெறும் 200 வோல்ட். நம் வீட்டு பிளக் பாயின்ட்டில் வருவதைவிடக் குறைவு! ஆனால் 2 மில்லிமீட்டரில் 200 வோல்ட் என்றால் சென்டிமீட்டருக்கு 1,000 வோல்ட். நாலு லட்சம் வோல்ட் கம்பிக்குக் கீழே இருப்பதைவிட பத்து மடங்கு.

பத்து மடங்குதானே, ரொம்பப் பெரிய வித்தியாசமா என்று தோன்றும். உண்மையான வித்தியாசம் பத்து மடங்கு அல்ல. கோபுரத்துக்குக் கீழே நாம் சொன்ன அளவு காற்றில் இருப்பது. ஆய்வகத்தில் சொன்ன அளவு செல் மிதக்கும் திரவத்துக்குள்ளேயே இருப்பது. காற்றில் இருக்கும் மின்புலம் அப்படியே நம் உடம்புக்குள் இறங்குவதில்லை. நம் உடம்பு உப்புத் தண்ணீர் நிறைந்த பை மாதிரி, மின்சாரத்தைக் கடத்தும். வெளியே புலம் வந்ததும் உடம்பில் உள்ள மின்னூட்டங்கள் தோல் பக்கமாக நகர்ந்து அதை ஈடுகட்டிவிடும். மீதி உள்ளே போவது லட்சத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. வெளியே மீட்டருக்கு 5,000 வோல்ட் இருந்தால், உள்ளே மீட்டருக்கு சில பத்து மில்லிவோல்ட் அளவில்தான் இருக்கும். பொதுமக்களுக்கு சர்வதேச வழிகாட்டு வரம்பு அதே 5,000 வோல்ட்தான். அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2010-ல் வெளியிட்டது.

இடி மேகம் ஒன்று தலைக்கு மேல் திரளும்போதும் தரையில் மீட்டருக்கு 10,000, 20,000 வோல்ட் என்று ஏறும். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும்போது மழை மூட்டமாக இருந்தால் நாம் எல்லோரும் அந்தப் புலத்தில்தான் நிற்கிறோம்.

சரி, செல்லுக்கு உள்ளே என்ன நடக்கிறது?

எனக்கே ஆச்சரியமாக இருந்த கணக்கு இது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. தடிமன் வெறும் 5 நானோமீட்டர். நரம்புச் செல் போன்றவற்றில் அந்தச் சவ்வின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையே, ஓய்வாக இருக்கும்போதே, சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். முன்பு போட்ட அதே வகுத்தலைப் போடுங்கள்: மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட். காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் ஏறினாலே தீப்பொறி பறக்கும். அதைவிட நாலு மடங்குக்கும் மேலான மின்புலத்தை நம் செல் சவ்வு பிறந்ததிலிருந்து சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது.

எனவே சவ்வை அசைக்க வேண்டும் என்றால் அதன்மேல் கூடுதலாக அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை ஏற்ற வேண்டும். ஆய்வகக் குப்பியில் சென்டிமீட்டருக்கு 1,000 வோல்ட் கொடுக்கும்போது, 14 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு செல்லின் சவ்வில் சரியாக அந்த ஒரு வோல்ட் ஏறுகிறது. கொழுப்பு மூலக்கூறுகள் விலகி, சவ்வில் நுண்ணிய துளைகள் விழுகின்றன. துடிப்பு நின்றதும் துளைகள் கொஞ்ச நேரத்தில் தாமாக மூடிக்கொள்கின்றன. எலெக்ட்ரோபொரேஷன் என்பது இதுதான். கோயில் நடை திறந்து சாத்துவது மாதிரி. திறந்திருக்கும் நேரத்தில் வாசலில் காத்திருப்பது உள்ளே போகும்.

அதே செல், ஹைடென்ஷன் கம்பிக்குக் கீழே நிற்கும் ஒருவரின் உடம்பில் இருந்தால்? சவ்வில் கூடுதலாக ஏறுவது ஒரு மைக்ரோவோல்ட்டைக்கூடத் தொடாது. நடை திறக்கத் தேவையானதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஃபார்வர்ட் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது: குப்பிக்குள் நடந்ததை எடுத்து, கோபுரத்துக்குக் கீழே ஒட்டவைத்துவிட்டது.

கொல்வதில் தொடங்கி, கொடுப்பதில் முடிந்த கதை

இந்தத் துறை ஆரம்பித்தது நல்ல எண்ணத்தில் அல்ல, கிருமியைக் கொல்ல. சேல், ஹாமில்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1967-ல் பாக்டீரியா மீதும் ஈஸ்ட் மீதும் வலுவான மின்துடிப்புகளைப் பாய்ச்சி, அவை சூட்டால் அல்ல, மின்புலத்தாலேயே சாகின்றன என்று காட்டினார்கள். இன்று சில நாடுகளில் பழச்சாற்றைக் கொதிக்கவைக்காமல் பதப்படுத்த இதே வழிதான்.

திருப்பம் 1982-ல். ஜெர்மனியைச் சேர்ந்த எபர்ஹார்ட் நாய்மனும் அவருடைய சகாக்களும் ஒரு குறிப்பிட்ட மரபணு இல்லாத எலி செல்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த மரபணு உள்ள டிஎன்ஏவைத் திரவத்தில் கலந்தார்கள். சென்டிமீட்டருக்கு 8,000 வோல்ட், ஒவ்வொன்றும் 5 மைக்ரோ நொடி, சில துடிப்புகள். அவ்வளவுதான். செல்கள் சாகாமல், வெளியே இருந்த டிஎன்ஏவை உள்ளே வாங்கிக்கொண்டு, தங்களுக்கு இல்லாத மரபணுவைப் பயன்படுத்தத் தொடங்கின. 'எலெக்ட்ரோபொரேஷன்' என்ற சொல் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது.

இதில் டிஎன்ஏவுக்கே ஒரு பங்கு உண்டு. அதன் முதுகெலும்பு முழுக்க எதிர் மின்னூட்டம். அதனால் மின்புலம் துளையைத் திறப்பதோடு நிற்காமல், டிஎன்ஏவைப் பிடித்துச் சவ்வின் பக்கம் தள்ளவும் செய்கிறது. வாசலையும் திறந்து, முதுகிலும் ஒரு தள்ளு.

இயற்கையிலும் இது நடக்குமா? 2004-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் மண்ணில் உள்ள சில பாக்டீரியாக்கள் செயற்கை மின்னலின்போது வெளி டிஎன்ஏவை உள்ளே எடுத்துக்கொள்வதைக் கண்டார்கள். 2023 டிசம்பரில் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு மின்விலாங்கு மீனையும் குட்டி வரிக்குதிரை மீன்களையும் வைத்துச் சோதித்தது. தண்ணீரில் பச்சையாக ஒளிரும் புரதத்துக்கான டிஎன்ஏ. விலாங்கு ஷாக் கொடுத்ததும், சுமார் 5 சதவீதக் குட்டி மீன்களில் பச்சை ஒளி தெரிந்தது. மின்விலாங்கு 860 வோல்ட் வரை கொடுக்கும் பிராணி. அமேசான் ஆற்றில் இதனால் மீன்களின் பரம்பரையே மாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி ஃபார்வர்ட் பண்ணாதீர்கள். ஒரு மீனின் உடல் செல்லில் ஒரு மரபணு கொஞ்ச நாள் வேலை செய்வது வேறு, அது அடுத்த தலைமுறைக்குப் போவது வேறு.

அப்போ டிஎன்ஏ உடையவே உடையாதா?

இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

நேரடியாக உடைக்குமா என்றால், மைக்ரோ நொடி, மில்லி நொடித் துடிப்புகள் அதற்குப் போதாது. டிஎன்ஏ இழையின் அகலம் 2 நானோமீட்டர். சென்டிமீட்டருக்கு 1,000 வோல்ட் புலத்தில் அந்த அகலத்துக்குக் குறுக்கே விழுவது 0.0002 வோல்ட். நம் உடல் சூட்டில் மூலக்கூறுகள் சும்மா ஆடிக்கொண்டிருப்பதன் ஆற்றலே இதைவிட நூறு மடங்குக்கு மேல். டிஎன்ஏவின் வேதிப் பிணைப்பை உடைக்க அதைவிடவும் நூறு மடங்கு வேண்டும். போதாததற்கு, சவ்வு முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான புலத்தை அதுவே தாங்கிக்கொள்கிறது. உட்கருவுக்குப் போவது சொற்பம்.

ஆனால் சுற்றி வளைத்து உடைக்க வழிகள் உண்டு. துளை வழியாகக் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுந்தால் செல் தற்கொலை செய்துகொள்ளும். அப்படிச் சாகும் செல் தன் டிஎன்ஏவைத் தானே துண்டாக்கும். மின்முனைகளுக்கு அருகே அமிலத்தன்மை மாறும், வேதிவினை வேகம் கொண்ட ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகும். இவை டிஎன்ஏவைக் கீறலாம். இன்னொரு வழி, துடிப்பை மிகமிகக் குட்டையாக்குவது. ஒரு சவ்வு முழுசாக மின்னேற்றம் அடைந்து உள்ளே உள்ளதை மறைக்க ஏறத்தாழ ஒரு மைக்ரோ நொடி வரை ஆகும். துடிப்பு அதற்கும் முன்பே, சில நானோ நொடிகளில் முடிந்துவிட்டால், ரயில்வே கேட் இறங்குவதற்குள் பாய்ந்து போகும் பைக் மாதிரி, புலம் நேராக உள்ளே போய்விடும். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், சென்டிமீட்டருக்கு 60,000 வோல்ட் அளவில் நானோ நொடித் துடிப்புகளைக் கொடுத்தபோது சில வகை மனித செல்களில் டிஎன்ஏ சேதம் பதிவானது. அப்படிப்பட்ட துடிப்பை உண்டாக்க அதற்கென்றே செய்த கருவி வேண்டும். எந்த மின்வாரியக் கம்பியிலும் அது வராது.

டிஎன்ஏவை உடைப்பதையே வைத்தியமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். பிளியோமைசின் என்று ஒரு புற்றுநோய் மருந்து. டிஎன்ஏ இழையை வெட்டுவதுதான் அதன் வேலை. ஆனால் அது சவ்வைத் தாண்டி உள்ளே போக ரொம்பவே தடுமாறும். பாரிஸ் அருகே உள்ள குஸ்தாவ் ரூசி மருத்துவ நிலையத்தில் லூயி மிர் குழுவினர் 1991-ல், மருந்தைக் கொடுத்துவிட்டுக் கட்டியின்மீது எட்டு மின்துடிப்புகளைப் பாய்ச்சும் முறையை முதன்முதலாக நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார்கள். நடை திறந்ததும் மருந்து உள்ளே போகிறது, அதன் கொல்லும் திறன் பல நூறு மடங்கு ஏறுகிறது. ஐரோப்பாவில் தோல் பக்கம் வரும் கட்டிகளுக்கு இது இப்போது வழக்கமான சிகிச்சைகளில் ஒன்று. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ராஜி சுந்தரராஜன் என்ற பேராசிரியர், உயர் மின்னழுத்தப் பொறியியலிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர், மருந்துக்குப் பதில் மஞ்சளில் உள்ள குர்குமினை வைத்து மார்பகப் புற்றுநோய் செல்களில் இதையே சோதித்துவருகிறார். அது ஆய்வகத் தட்டில் உள்ள செல்களில் நடப்பது. மஞ்சள் பால் குடித்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகிற ஐடியா யாருக்கும் வேண்டாம்.

வேலூரில் எதற்காக?

1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் அரிவாள் செல் மாற்றத்தைக் கண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயின் பதிவு தொடங்குவதே கிட்டத்தட்ட நம் மலையிலிருந்துதான். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். 300 கோடி எழுத்தில் ஒன்று. அதனால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, சின்ன ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த வலியை அனுபவித்தவர்கள் சொல்லக் கேட்டால், 'ரத்தசோகை' என்ற பெயர் எவ்வளவு சாதுவானது என்று தோன்றும். அதே மரபணுவின் வேறு கோளாறுகளால் வருவதுதான் பீட்டா தலசீமியா; கடுமையான வகை என்றால் குழந்தைக்கு ஆயுள் முழுக்க சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும்.

பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் சிஎம்சி அதை 1986-லிருந்து செய்துவருகிறது. கொடையாளர் கிடைக்காதவர்களுக்கு? அங்கேதான் மின்துடிப்பு வருகிறது.

நோயாளியின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுப்பார்கள். மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் கத்திரியையும், எங்கே வெட்ட வேண்டும் என்று வழிகாட்டும் ஆர்என்ஏவையும் அந்தத் திரவத்தில் கலந்து, ஒரு துடிப்பு. கத்திரி உள்ளே போய், கருவில் இருந்தபோது ஓடிக்கொண்டிருந்து பிறந்த பிறகு அணைந்துபோன ஹீமோகுளோபினை மறுபடி இயக்கும் இடத்தில் வெட்டும். திருத்திய செல்லை உடம்புக்குத் திருப்பிக் கொடுத்தால், அவை நல்ல ரத்தம் செய்யத் தொடங்கும். இப்படி வந்த உலகின் முதல் கிரிஸ்பர் சிகிச்சையான காஸ்ஜெவிக்கு பிரிட்டன் 2023 நவம்பர் 16-லும், அமெரிக்கா டிசம்பர் 8-லும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாய்.

18 கோடி! நீலகிரியில் ஒரு இருளர் குடும்பத்திடம் இந்த எண்ணைச் சொல்வதில் அர்த்தமே இல்லை. இதே முறையை இங்கேயே, நம் ஆட்களுக்கு எட்டும் செலவில் செய்ய முடியுமா என்பதுதான் இந்திய ஆய்வகங்களின் கேள்வி. வேலூர் பாகாயத்தில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் சிஎம்சியும் சேர்ந்து அமைத்த ஸ்டெம் செல் ஆய்வு மையம் அதில் முக்கியமான இடம். அந்த மையத்தின் மோகன்குமார் முருகேசன் குழு, கருக்கால ஹீமோகுளோபினை மீட்க எந்த எழுத்தை மாற்றினால் பலன் அதிகம் என்று தேடி, புதிய இடங்களை 2022-ல் வெளியிட்டது. சரவணபவன் தங்கவேல் குழுவும் ரத்த ஸ்டெம் செல்களைத் திருத்தும் முறைகளில் வேலை செய்கிறது. டெல்லியில் சிஎஸ்ஐஆர் நிறுவனமான ஐஜிஐபி உருவாக்கிய 'பிர்சா 101' என்ற அரிவாள் செல் சிகிச்சை 2025 நவம்பர் 19-ல் அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பம் புனேயின் சீரம் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

ஃபார்வர்டில் சொல்லியிருக்க வேண்டிய உண்மையான ஆபத்துகள் இந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன. துடிப்பு கொஞ்சம் கூடினால் அருமையான ஸ்டெம் செல்கள் செத்துப்போகும். கொஞ்சம் குறைந்தால் கத்திரி உள்ளே போகாது. உள்ளே போன கத்திரி தவறான இடத்தில் வெட்டினால்? 2023 அக்டோபர் 31-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தன் நிபுணர் குழுவைக் கூட்டிக் காஸ்ஜெவி பற்றி நாள் முழுக்க விவாதித்தது இந்த ஒரு கேள்வியைத்தான். சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் கண்காணிக்க ஏற்பாடு. திருத்திய செல் உடம்பில் குடியேற இடம் செய்ய, முதலில் கடுமையான கீமோதெரபியும் கொடுக்க வேண்டும். மின்சாரம் இதில் கதவைத் திறக்கும் ஆள் மட்டும்தான்.

கதவைத் திறக்க வேறு வழிகளும் உண்டு. சிஎம்சியிலேயே ஐந்து ஹீமோஃபீலியா நோயாளிகளுக்குச் செய்து 2024 டிசம்பரில் வெளியான மரபணு சிகிச்சையில் மின்துடிப்பு இல்லை, வலுவிழக்கச் செய்த வைரஸ்தான் மரபணுவைச் சுமந்துபோனது. 2021 ஆகஸ்ட் 20-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற சைகோவ்-டி, மனிதர்களுக்கான உலகின் முதல் டிஎன்ஏ தடுப்பூசி. அதற்கு ஊசியே இல்லாமல் அழுத்தத்தில் பீய்ச்சும் கருவி.

மனை விஷயத்துக்கு வருவோம்

மின்புலம் சரி, காந்தப்புலம்? இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், மின்கம்பிகளின் மின்புலத்தை 'வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை' என்ற பிரிவிலும், காந்தப்புலத்தை '2பி', அதாவது 'புற்றுநோய்க்கு ஒருவேளை காரணமாகலாம்' என்ற பிரிவிலும் வைத்தது. வீட்டுக்குள் சராசரி காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சற்று அதிகமாகத் தெரிந்ததுதான் காரணம். அதை உண்டாக்கும் வழிமுறை எதுவும் நிறுவப்படவில்லை, ஆதாரம் காரண உறவு என்று சொல்லும் அளவுக்கு வலுவாக இல்லை என்று 2007-ல் உலக சுகாதார அமைப்பு சொன்னது. கம்பியிலிருந்து தள்ளிப் போகப் போக காந்தப்புலமும் வேகமாகக் குறையும். எனவே கம்பிக்கு நேர் கீழே படுக்கையறை வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அது டிஎன்ஏ ஓட்டை கதை அல்ல.

கம்பியைத் தொட்டால், அல்லது தொடும் தூரத்துக்குப் போனால், எல்லாக் கணக்கும் தலைகீழ். அப்போது மின்புலம் காற்றில் இல்லை, உங்கள் கைக்குள்ளேயே. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரஃபேல் லீ, மின்விபத்தில் சிக்கியவர்களின் தசை வெந்துபோவதால் மட்டும் சாவதில்லை, சவ்வுகள் மின்புலத்தாலேயே கிழிந்தும் சாகின்றன என்று 1980-களிலேயே காட்டினார். வெளியே சின்னத் தீக்காயம் தெரிய, உள்ளே கை முழுக்கப் போயிருப்பது அதனால்தான். மாடியில் இரும்புக் கம்பி தூக்கும்போதும், தென்னையில் அலக்கு வைத்து இழுக்கும்போதும் நடக்கும் விபத்துகளில் நிஜமாகவே எலெக்ட்ரோபொரேஷன் நடக்கிறது.

சித்தப்பாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்: "லைன் எத்தனை கிலோவோல்ட், மனையின் எல்லையிலிருந்து எத்தனை மீட்டர்?" மின்பாதைகளுக்குக் கீழே கட்டடம் கட்டக்கூடாத தாழ்வாரம் என்று ஒன்று உண்டு. 110 கிலோவோல்ட் பாதை என்றால் மொத்த அகலம் 22 மீட்டர், 400 கிலோவோல்ட் என்றால் 46 மீட்டர். பாதையின் மையத்திலிருந்து இரு பக்கமும் பாதிப் பாதி. பட்டா உங்கள் பெயரில் இருக்கும், வரியும் நீங்கள்தான் கட்ட வேண்டும், வீடு மட்டும் கட்ட முடியாது. 2018-19-ல் மேற்கு மாவட்ட விவசாயிகள் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராக மாதக்கணக்கில் போராடியதும் முக்கியமாக இந்த நிலத்துக்காகத்தான்: சரியான இழப்பீடு கொடு, இல்லையென்றால் புதைவடமாகக் கொண்டுபோ என்று. மனை விற்பவர்கள் காட்டும் வண்ண வரைபடத்தில் இந்தத் தாழ்வாரம் பெரும்பாலும் 'பூங்கா' என்று பச்சையாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்திருக்கிறார். 110 கிலோவோல்ட் லைன். மனையின் பின்பக்கம் கிட்டத்தட்ட நாலு மீட்டர் தாழ்வாரத்துக்குள் வருகிறது. "அந்த நாலு மீட்டருக்கும் சேத்துல்ல காசு சொல்லியிருக்கான்" என்று சித்தப்பா இப்போது விலையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை குரூப்பில் செல்போன் டவர் பற்றி அடுத்த ஃபார்வர்டைப் போட்டிருக்கிறார்.